யார் யாரில தங்கியிருக்கினம்?

எங்கட ஊர் வாசிகசாலைச் சுவரில் நீளமான தாள் ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. பழைய கலண்டர் தாள்கள் ஒன்பதைப் பின்பக்கம் திருப்பி, ரேப்பால் ஒட்டிச் செய்தது. அதில் நிறைய வட்டங்கள், வட்டங்களுக்கு இடையில் அம்புக்குறிகள், சில இடங்களில் சிவப்புப் பேனையால் வெட்டிய கோடுகள். பேப்பர் வாசிக்க வருகிற ஐயா ஒருவர் கனநேரம் நின்று பார்த்துவிட்டு, "இது ஆற்ற வம்ச வரிசை, தம்பி?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது பெரிய பிழையில்லை. அது எங்கட மென்பொருளின் சொந்தபந்தம். அதற்குள் இருக்கிற பக்கேஜுகளில் யார் யாரில் தங்கியிருக்கினம் என்று நாங்கள் நாலு பேரும் இரண்டு சனி ஞாயிறு இருந்து கீறியது. அதைக் கீற வேண்டி வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

2022 மார்ச் கடைசியில் தொடங்க வேண்டும். நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நின்ற காலம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பேப்பருக்குத் தட்டுப்பாடு. வீட்டுக்குள் இருக்க ஏலாத வெக்கையில் நாங்கள் ஐந்து பேர் வாசிகசாலை விறாந்தையில் கூடுவோம். அங்கே பொறுப்பாக இருக்கிற அக்கா தடித்த கொப்பி ஒன்றில் பதிவு வைத்திருந்தா. எந்தப் புத்தகம், எத்தனையாம் இலக்கம், ஆர் கொண்டு போனது, எப்ப திருப்பித் தந்தது, எல்லாம் அதில்தான். கொப்பி முடியப் போகுது, புதுசு வாங்கக் கடைக்குப் போனால் விலையைக் கேட்டே தலை சுற்றுது என்று ஒருநாள் சொன்னா. "விடுங்கோ அக்கா, நாங்கள் இதைக் கொம்பியூட்டரில போட்டுத் தாறம்" என்று வாயை விட்டது நாங்கள்தான்.

எங்களில் மூத்தவன் கம்பஸில் மென்பொருள் படித்துக்கொண்டிருந்தான். முக்கால்வாசி அவன் எழுதினான். மற்ற நாலு பேரும் 1,800 புத்தகங்களையும் அலுமாரியிலிருந்து இறக்கித் தூசு தட்டிப் பெயர்களை அடித்தோம், பிழை பார்த்தோம், பக்கங்களுக்கு நிறம் தெரிந்தோம். 2022 கார்த்திகையில் அக்கா கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தா. 2023 ஆனியில் மூத்தவன் ரொறன்ரோ போய்விட்டான். அந்த இரண்டு வருஷத்துக்குள் ஊரில் எந்த வீட்டில்தான் ஒருத்தர் வெளிக்கிடவில்லை? வழியனுப்பப் போன இடத்தில் குளிருக்குச் சட்டை எடுத்தியா எண்டு கேட்டோம். பாஸ்வேர்டுகளைப் பற்றிக் கேட்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. வாசிகசாலைக் கொம்பியூட்டர் அதோடு செத்துப்போனது.

முதலில் நாங்கள் பயப்படவில்லை. நிரல் முழுவதும் கிற்ஹப்பில் இருந்தது. செக்கண்ட்ஹாண்ட் லப்டொப் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினோம். நோட் போட்டோம், நிரலை இறக்கினோம், இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. பிழைச் செய்தி எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு பக்கேஜின் பெயரைச் சொல்லி, அதைக் கட்ட முடியவில்லை என்றது. நாங்கள் ஒரு வரியையும் மாற்றவில்லை. மாதக்கணக்காய் ஓடினது இண்டைக்கு ஏன் ஓடேல்லை?

சனிக்கிழமை பிள்ளைகள் புத்தகம் மாற்ற வந்தார்கள். பதினொரு மாதப் பதிவு, ஆரிட்ட எந்தப் புத்தகம் நிற்குது என்ற கணக்கு, ஒன்றும் கையில் இல்லை. அக்கா ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளைகளின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு இருந்தா. எங்களைக் கண்டதும் ஏசவில்லை. "பிள்ளையள், நான் கொப்பியை மூடினது உங்களை நம்பித்தான்" என்று மட்டும் சொன்னா. ஏசியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நிரல் எழுதாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு ஒருத்தரும் ஒரு மென்பொருளை முதல் எழுத்திலிருந்து தாங்களே எழுதுவதில்லை. கறித்தூள் மாதிரித்தான். எல்லாரும் வீட்டில் மிளகாய் வறுத்து இடிக்கிறோமா? பக்கெற்றில் வாங்குகிறோம். திகதியை அழகாகக் காட்ட ஒரு பக்கேஜ், தேடல் பெட்டிக்கு ஒரு பக்கேஜ், நிறங்களுக்கு ஒரு பக்கேஜ். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இவற்றை என்.பி.எம். என்ற களஞ்சியத்திலிருந்து இறக்குகிறோம். ஆனால் கறித்தூள் பக்கெற்றுக்குப் பின்னால் மில் இருக்கிறது, மில்லுக்கு மல்லி கொண்டு வருகிறவர் இருக்கிறார், அவருக்கு லொறி இருக்கிறது. பக்கேஜுகளும் அப்படித்தான். நாங்கள் கேட்டது ஒன்று. அது தனக்கு வேண்டியதென்று ஐந்தைக் கூட்டி வரும். அந்த ஐந்தும் ஆளுக்கு நாலைக் கூட்டி வரும். கலியாணத்துக்கு ஒரு குடும்பத்துக்குக் கார்ட் கொடுத்தால் வான் பிடித்து வந்து இறங்குகிற மாதிரி.

நாங்கள் அழைப்புக் கொடுத்தது 17 பேருக்கு. பெயர்ப்பட்டியலில் 17 வரிதான் இருந்தது. எண்ணிப் பார்த்தபோது வந்து இறங்கியிருந்தது 1,312.

அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாங்கள் கொஞ்சநேரம் கதைக்கவில்லை. இவ்வளவு நாளும் "நாங்கள் செய்த மென்பொருள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். ஆயிரத்து முந்நூறு பக்கேஜுக்குள் எங்கட கை எவ்வளவு?

கட்டும் வேலைகளை ஓடவிடாமல் பக்கேஜுகளை மட்டும் இறக்க ஒரு வழி இருக்கிறது. அப்படி இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் மரமாகக் காட்டு என்று என்.பி.எம்.இடம் கேட்டோம். திரை ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடியது, பிறகும் ஓடியது. ஒரே பெயர் பத்து இடத்தில் வந்தது. எங்களில் கடைசி ஆள், அப்பதான் ஏ.எல். எழுதிவிட்டு இருந்த தங்கச்சி, "உதை வாசிக்க ஏலாது. கீறிப் பாப்பம்" என்றாள்.

கீறுவதற்குக் கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடங்களில் பிறந்தது. அதற்கு டொட் என்ற சின்ன மொழி. ஒரு பெயர், ஒரு அம்புக்குறி, இன்னொரு பெயர். ஒரு வரிக்கு ஒரு உறவு. எந்த வட்டத்தை எங்கே வைப்பது, கோடுகள் எப்படிக் குறைவாகக் குறுக்கிடும் என்பதெல்லாம் அதன் பாடு. எங்கட பட்டியலை வாசித்து ஒவ்வொரு உறவையும் ஒரு வரியாக மாற்ற முப்பது வரி நிரல் எழுதினோம். மூவாயிரத்துக்குக் கிட்ட வரி வந்தது. படத்தைத் திறக்க லப்டொப் மூச்சு வாங்கியது.

திறந்தால் ஒரு தும்புக்கட்டு. உண்மையாகத் தும்புக்கட்டுத்தான். நடுவில் கறுப்பாக அடைந்து, ஓரங்களில் சில மயிர்கள் வெளியே நீட்டிக்கொண்டு. பெரிதாக்கினால் கோடுகள் மட்டும் தெரியும், சிறிதாக்கினால் ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் காட்டுகிற படம் ஒன்றையும் காட்டுவதில்லை என்பது அன்றைக்கு விளங்கியது. முதலில் கேள்வி வேண்டும். பிறகுதான் படம்.

எங்கட முதல் கேள்வி நேரானது. கட்ட முடியாமல் நிற்கிற இந்தப் பக்கேஜை எங்கட வீட்டுக்குள் கூட்டி வந்தது ஆர்?

இதற்கு மேலிருந்து கீழே தேடினால் விடியும் வரைக்கும் தேட வேண்டும். கீழிருந்து மேலே ஏற வேண்டும். என்.பி.எம்.இல் 'எக்ஸ்ப்ளெயின்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பெயரைக் கொடுத்தால், இவர் இன்னாரால் வந்தவர், அவர் இன்னாரால் வந்தவர் என்று எங்கட பட்டியல் வரைக்கும் வழி சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு, அந்த வழிகளை மட்டும் கலண்டர் தாளில் கையால் கீறினோம். பெரிய தாளில் பிரின்ற் எடுக்கக் காசில்லை என்பது ஒரு காரணம். கையால் கீறும்போது ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்த நன்மை.

கீறத் தொடங்கியவுடனேயே சண்டை வந்தது. அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும்? தாங்குகிறவரிலிருந்து தங்குகிறவருக்கா, தங்குகிறவரிலிருந்து தாங்குகிறவருக்கா? அரை மணித்தியாலம் கத்தியபிறகு, "எனக்கு நீ வேணும் எண்டு கை நீட்டுறவரில இருந்து அம்பு தொடங்கட்டும்" என்று முடிவெடுத்தோம். கிராஃப்விஸ் படங்களிலும் வழக்கமாக அப்படித்தான் கீறுகிறார்கள்.

அடுத்தது, இது மரமில்லை என்பது. மரத்தில் ஒரு கொப்புக்கு ஒரு தாய்க்கொப்புத்தான். இங்கே ஒரே பக்கேஜுக்கு நாலு பக்கத்தால் அம்பு வந்தது. எங்கட ஊரில் இது ஒரு புதினமில்லை. ஒரே ஆள் அம்மா வழியால் மாமா, அப்பா வழியால் சித்தப்பா. இரண்டு பக்கமும் ஒரு முறை சொன்னால் பரவாயில்லை. ஒரு பக்கம் மாமா எண்டும் மற்றப் பக்கம் சித்தப்பா எண்டும் கூப்பிட்டால் கலியாண வீட்டில் குழப்பம் வரும். பக்கேஜுகளிலும் அதே குழப்பம்தான். ஒருவர் இதன் இரண்டாம் வேர்ஷன் வேண்டும் என்கிறார், இன்னொருவர் நாலாம் வேர்ஷன் வேண்டும் என்கிறார். என்.பி.எம். இரண்டையும் இறக்கி இரண்டு பேருக்கும் தனித்தனியே கொடுத்துச் சமாளிக்கும். அதனால்தான் எங்கட பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

வழிகளைக் கீறி முடிக்க விஷயம் வெளித்தது. அந்தப் பக்கேஜ் இரண்டு பாதையால் உள்ளே வந்திருந்தது. ஒன்று, நிறங்களையும் எழுத்தளவையும் பார்க்கிற கருவி வழியாக, நாலு படி கீழே. மற்றது, சின்னப் படங்கள் காட்டுகிற ஒன்றின் வழியாக. அந்த இரண்டாவதை நாங்கள் நிரலில் எங்கேயுமே பயன்படுத்தவில்லை. ஆரோ ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்க மறந்துவிட்டோம். செத்துப்போன கொம்பியூட்டரில் பழைய நோட் இருந்தது. லப்டொப்பில் நாங்கள் போட்டது புதிசு. அந்தப் பழைய பக்கேஜுக்குப் புதிய நோட்டில் தன்னைக் கட்டத் தெரியாது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால், இரண்டு வருஷத்துக்கு முந்திய வேர்ஷன்களை அப்படியே ஏன் இறக்க முடியாமல் போனது? அதற்கு விடை ரொறன்ரோவில் இருந்தது.

மூத்தவன் இரவு வேலை. எங்களுக்குப் பகல் என்றால் அவனுக்கு இரவு. வட்ஸ்அப்பில் போட்ட மெசேஜுக்கு இரண்டு நாளைக்குப் பிறகு குரல் பதிவு வந்தது. பின்னால் பஸ் சத்தம். "மச்சான், லொக் ஃபைலை நான்தான் கிற்றுக்குள்ள போடாமல் விட்டனான். ஒவ்வொருக்காவும் நீங்கள் மாத்த, நான் மாத்த, முட்டுப்பட்டுக்கொண்டு இருந்தது. தலையிடி எண்டு தூக்கிட்டன். சொறி மச்சான்."

லொக் ஃபைல் என்பது வந்தவர்கள் எல்லாருடைய பெயரையும், எத்தனையாம் வேர்ஷன் என்பதையும் துல்லியமாக எழுதி வைக்கிற கோப்பு. எங்கட 17 வரிப் பட்டியலில் இருப்பது விருப்பம் மட்டும். ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் ஒரு தொப்பிக்குறி இருக்கும். "இந்த வேர்ஷன், அல்லது இதற்குப் பிறகு வந்த, முதல் எண் மாறாத ஏதாவது" என்பது அதன் பொருள். லொக் ஃபைல் இல்லாமல் இன்ஸ்டால் செய்தால் அன்றைக்குக் களஞ்சியத்தில் எது புதிசோ அது வரும். அதாவது நாங்கள் ஒரு வரியையும் மாற்றாமலே எங்கட மென்பொருள் ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வந்தோம். இந்த 1,312 இல் ஒன்று விழுந்தால் எத்தனை விழும்? இதற்கு வந்து சேருகிற அம்புகளை எண்ணி, அதற்கேற்ற அளவில் வட்டம் போட்டோம். பெரிய வேலை செய்கிற பக்கேஜுகள்தான் பெரிய வட்டமாக வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன உதவியாளர்கள். ஒரு எழுத்துத்தொடரை ஒழுங்குபடுத்துவது, ஒரு பொருள் எந்த வகை என்று பார்ப்பது போன்ற சில்லறை வேலைகள்.

இதில் உலகம் ஏற்கனவே அடி வாங்கியிருக்கிறது. 2016 மார்ச் 22 இல் லெஃப்ட்-பாட் என்ற பக்கேஜை அதை எழுதியவர் என்.பி.எம்.இலிருந்து எடுத்துவிட்டார். வேறொரு பக்கேஜின் பெயர் பற்றிய பிரச்சினையில் கோபித்து, தன்னுடைய எல்லாவற்றையும் எடுத்தார்; இதுவும் அதோடு போனது. மொத்தம் 11 வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடமோ பூச்சியமோ நிரப்பித் தேவையான நீளமாக்கும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பேபல் போன்ற பெரிய கருவிகள் சில படி கீழே அதில் தங்கியிருந்தன. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களில் மென்பொருள்களைக் கட்ட முடியாமல் போனது. சில மணித்தியாலங்களில் என்.பி.எம். அதைத் திரும்பப் போட்டு, பிறகு பக்கேஜை நினைத்த நேரம் எடுக்க ஏலாதபடி விதியையும் மாற்றியது.

இதை வாசித்துவிட்டு எங்கட படத்தைப் பார்த்தோம். எங்கட 17 இல் ஒன்று, புத்தக இலக்கம் 42 ஐ 0042 என்று காட்டுவதற்காகப் போட்டது. அதே வேலை! 2017 இலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே அதற்கு ஒரு சொல் இருக்கிறது, பாட்ஸ்ரார்ட் என்று. பக்கேஜ் ஒன்றும் வேண்டியதில்லை. சிவப்புப் பேனையால் வெட்டிய முதல் கோடு அதுதான்.

ஆனால் அம்பை எண்ணுவதோடு கணக்கு முடிவதில்லை. ஒரே ஒரு அம்பு மட்டும் வருகிற சின்ன வட்டம் ஒன்று இருந்தது. அது பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற பக்கேஜ். அது பிழைத்தால் வாசிகசாலைக் கதவே திறந்த மாதிரி. மறுபக்கம், நூற்றுக்கணக்கான வட்டங்கள் மென்பொருளைக் கட்டுகிற நேரத்துக்கு மட்டும் தேவையானவை. பந்தல் போடக் கொண்டு வந்த ஏணியும் கயிறும் போல. தாலி கட்டுற நேரம் அவை பந்தலுக்குள் நிற்பதில்லை. அவற்றுக்கு மஞ்சள் அடித்தோம். மஞ்சளை விலக்கிவிட்டுப் பார்க்க, படம் முதல் தடவையாக மூச்சு விட்டது.

2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜே என்ற ஜாவாப் பக்கேஜில் பெரிய ஓட்டை இருப்பது வெளியில் வந்தது. ஒரு செயலியில் நடக்கிறவற்றைப் பதிந்து வைக்கிற சாதாரண வேலைதான் அதற்கு. அந்தப் பதிவுக்குள் ஒரு வரியைத் தந்திரமாகப் புகுத்தினால் வெளியிலிருப்பவர் அந்தக் கொம்பியூட்டரில் தன் நிரலையே ஓட்டலாம் என்ற நிலை. திருத்திய வேர்ஷன் கெதியாகவே வந்தது. பெரிய வேலையாக இருந்தது வேறு. "எங்கட மென்பொருளுக்குள்ள உது இருக்கோ?" என்ற கேள்விக்குக் கன இடங்களில் உடனே விடை இல்லை. யாரும் நேராக அழைக்காமல், நாலைந்து படி கீழே வந்து குந்தியிருந்தது அது. எங்கட மாதிரி ஒரு தாள் சுவரில் இருந்திருந்தால் விரல் வைத்துப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது கேள்வியைத் தங்கச்சிதான் கேட்டாள். "இந்த வட்டத்துக்குள்ள ஆர் இருக்கினம்?"

17 பக்கேஜுகளின் பக்கங்களுக்கும் போய்ப் பார்த்தோம். எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது கை வைத்திருக்கிறார்கள் என்று வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினோம். சிலவற்றுக்குப் பின்னால் பெரிய அணி இருந்தது. ஆறு பக்கேஜுகளுக்கு ஒரே ஒரு ஆள். அதில் இரண்டில் மூன்று வருஷமாக ஒரு அசைவும் இல்லை. ஒருவர் தன் பக்கத்தில், குழந்தை பிறந்திருக்கிறது, பதில் சொல்லத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அதற்குக் கீழே முகம் தெரியாத ஆட்கள், எப்ப திருத்துவீர், ஏன் இன்னும் திருத்தேல்லை என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முதல் நாள் இரவு நாங்களும் வேறொரு பக்கேஜின் பக்கத்தில் அதே தொனியில் எழுதிவிட்டு வந்திருந்தோம். போய் அழித்தோம்.

நாங்கள் கீறி முடித்து நாலைந்து மாதத்தில், 2024 மார்ச் கடைசியில், எக்ஸ்இசட் விவகாரம் வெளியில் வந்தது. லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படுகிற, கோப்புகளைச் சுருக்குகிற கருவி அது. வருஷக்கணக்காக ஒருவர் தனியே, சும்மா, பராமரித்து வந்தார். அவர் களைத்துப்போயிருந்த நேரத்தில் உதவிக்கு என்று வந்த ஒரு கணக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் இரகசியக் கதவு ஒன்றை உள்ளே வைத்தது. அண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியியலாளர், தன் கொம்பியூட்டரில் உள்நுழைய வழமையைவிட அரை செக்கன் கூட எடுக்குதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. எந்த வரைபடமும் அதைக் காட்டியிருக்காது. படத்தில் அது ஒழுங்கான ஒரு வட்டம், ஒழுங்கான அம்புகள். அந்த வட்டத்துக்குள் ஒருவர் தனியே களைத்துக் கிடக்கிறார் என்பதைக் கோடு சொல்லாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, எங்கட கதை. 17 இல் ஏழை வெட்டினோம். ஒன்று பயன்படுத்தாதது. ஒன்று பூச்சியம் நிரப்புவது. திகதிக்குப் பிரௌசரிலேயே வசதி இருந்தது. நிறங்களுக்குச் சாதாரண ஸ்ரைல் கோப்பே போதும். கட்டுகிற பெரிய கருவிப்பெட்டியையும் சின்னதாக ஒன்றுக்கு மாற்றினோம். 1,312 பேர் இருநூறுக்குள் வந்தார்கள். லொக் ஃபைலைக் கிற்றுக்குள் போட்டோம். எந்த நோட்டில் ஓட வேண்டும் என்பதையும் ஒரு கோப்பில் எழுதினோம். வேறு லப்டொப்பில் இறக்கிப் பார்த்தோம். சிவப்பில்லை.

இங்கே முடித்திருந்தால் இது ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக இருந்திருக்கும். ஆனால் இரண்டாவது ஞாயிறு பின்னேரம், நாங்கள் பேனைகளை மூடிக்கொண்டிருக்க, தங்கச்சி தாளின் மூலையில் சின்னதாக வேறொரு படம் கீறிக்கொண்டிருந்தாள். அக்காவிலிருந்து எங்களுக்கு ஒரு அம்பு. எங்கள் நாலு பேரிலிருந்தும் மூத்தவனுக்கு அம்பு. பதிவுகளின் நகல் அவனுடைய கணக்கில். வெப்சைற்றின் பெயருக்கு வருஷக் காசு அவனுடைய கார்ட்டில். கிற்ஹப்பின் சாவி அவனிடம். எல்லா அம்பும் ஒரே வட்டத்தில் போய்க் குத்தி நின்றது, ரொறன்ரோவில் இரவு பஸ்ஸில் நித்திரை தூங்கிக்கொண்டு போகிற ஒருத்தனில்.

ஆயிரத்து முந்நூறு பேரில் தனியாளாக நிற்கிறவர் ஆர் என்று தேடிக்கொண்டிருந்த நாங்கள், எங்கட வீட்டுக்குள்ளேயே இருந்த தனியாளைப் பார்க்கவில்லை. அவனுக்கு ஒன்று நடந்திருந்தால்? அதைவிட, அவனுக்கு அலுத்துப் போயிருந்தால்? போன நாள் தொடக்கம் அவன் மாதாமாதம் எங்கட பிழைகளைத் திருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நாங்கள் "ஓடுது" என்று மட்டும் நினைத்தோம். சுகமாய் இருக்கிறியா என்று கேட்டு எடுத்த போன் எத்தனை என்று எண்ணினால், அம்பு எண்ணுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த இரவே அவனுக்கு எடுத்தோம். முதலில் வேலையைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு அவனாகவே சொன்னான்: "இதைக் கேப்பியள் எண்டு நான் எப்பவோ பாத்துக்கொண்டு இருந்தனான். எல்லாத்தையும் மாத்தி எடுங்கோ." நகல் கிடைத்தது. பதினொரு மாதப் பதிவும் வந்து சேர்ந்தது. சாவிகளை இரண்டு பேருக்குக் குறையாமல் பிரித்து வைத்தோம். வருஷக் காசை இப்போது வாசிகசாலை கட்டுகிறது.

அக்காவிடம் போய் எல்லாம் சரி என்றோம். அவ சிரித்துவிட்டு அலுமாரியைத் திறந்து பழைய கொப்பியை எடுத்தா. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கிழமைக் கணக்கைத் திரையில் பார்த்துக் கையால் எழுதி வைக்கிறா. முதலில் அது எங்களுக்குத் தோல்வி மாதிரி இருந்தது. எங்களை நம்பவில்லையோ என்று மனம் சுண்டியது. பிறகு தாளில் கொப்பிக்கு ஒரு வட்டம் போட்டு அக்காவிலிருந்து ஒரு அம்பு கீறிப் பார்த்தோம். முந்தி அவவிடமிருந்து ஒரே ஒரு அம்புதான் வெளிக்கிட்டது, எங்களுக்கு. இப்போது இரண்டு. அது சரியான படம்.

ஒருவரிலும் தங்காமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இப்போது இல்லை. அப்படி ஒரு மென்பொருளும் இல்லை, அப்படி ஒரு ஊரும் இல்லை. அம்புகள் எங்களிடமிருந்து வெளியே மட்டும் போகவேண்டும் என்ற சட்டமும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தொண்டர்கள் சேர்ந்து எழுதிய சஹானா என்ற திறந்த மென்பொருள், காணாமல் போனவர்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய உதவியது. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. இந்தத் தீவிலும் தங்குவதற்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குழந்தை பிறந்திருந்த அந்தப் பராமரிப்பாளரின் பக்கேஜில் தமிழ் எழுத்துகளை வரிசைப்படுத்தும்போது வருகிற பிழை ஒன்றைக் கண்டு, எப்படித் திருத்துவது என்று நிரலோடு எழுதி அனுப்பினோம். மூன்று கிழமைக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார். ஒரு வரி நன்றி. வட்டத்துக்குள் ஆள் இருக்கிறார்.

இதை எழுதத் தொடங்கிய கிழமை அந்த ஐயா திரும்பவும் தாளுக்கு முன்னால் நின்றார். இந்தத் தடவை நாங்கள் இருந்து ஒவ்வொன்றாய் விளங்கப்படுத்தினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உதில நான் எங்க?" என்றார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பென்சிலை எடுத்து, தாளின் மேல் விளிம்பில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வட்டம் போட்டோம். "வாசிக்க வாறாக்கள்" என்று எழுதி, அங்கிருந்து அக்காவுக்கு ஒரு அம்பு கீறினோம். முதல் அம்பு அதுதான். கீறாமல் விட்டிருக்கிறோம்.